லினக்சிற் பைதன் பொதிகள்: நிறுவல் தோல்விகளின் வரலாறு

மென்பொருளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புதிய மொழிகளின் தோற்றத்தையும் புதிய கருவிகளின் வெற்றியையுமே எடுத்துரைப்பர். அக்கருவிகள் வேலை செய்யாது நின்ற வேளைகள் வரலாற்றின் பொருளாகக் கொள்ளப்படுவது அரிது. எனினும், ஒரு முறைமை எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பது அது சீராக இயங்கும்போது புலப்படுவதிலும் பார்க்க, அது முறியும்போதே தெளிவாகப் புலப்படுகின்றது. லினக்ஸ் பணிசெயல் முறைமையிற் பைதன் என்னும் செய்நிரல் மொழிக்கான பொதிகளை நிறுவ முயல்வோர் எதிர்கொள்ளும் தோல்விகள் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கட்டளையொன்றைத் தட்டச்சுச் செய்துவிட்டுக் காத்திருக்கும் மாணவரின் திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடுகின்றன. இறுதியிற் பிழைச்செய்தியொன்று தோன்றுகின்றது. அதனைத் தமது அறியாமையின் விளைவென்றே அவர் கருதிக்கொள்கின்றார். எங்கோ படித்த வேறொரு கட்டளையைப் பொருளறியாது இட்டுப் பார்க்கின்றார். சில வேளைகளில் அதனாற் கணினி முழுவதுமே பழுதுறுகின்றது. இத்தகைய தோல்விகளுட் பெரும்பாலானவை தனியொருவரின் தவறுகளாலன்றி, முப்பது ஆண்டுகளாக ஒரே கணினியின் மீது உரிமை பாராட்டிவந்த இரு மரபுகளின் எல்லைப் பூசலாலேயே ஏற்பட்டன என்பதை எடுத்துக்காட்டுவதும், அவ்வரலாற்றறிவு தோல்வியின் காரணத்தைக் கண்டறிவதற்கு எவ்வாறு துணைபுரியும் என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு மரபுகளின் தோற்றம்

பைதன் மொழியை நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரிலுள்ள தேசிய கணித, கணினி அறிவியல் ஆய்வு நிறுவனத்திற் பணியாற்றிய கைடோ வான் றொஸ்ஸம் 1989 டிசெம்பரில் ஆக்கத் தொடங்கி, 1991 பெப்ரவரியில் வெளியிட்டார். அதே 1991 ஆம் ஆண்டிலேயே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகவிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் லினக்சின் கருநிரலை வெளியிட்டார். ஒரே ஆண்டில் உலகறிந்த இவ்விரு ஆக்கங்களும் பின்னர் ஒன்றையொன்று பெரிதும் சார்ந்து வளர்ந்தன. ஆயின், அவற்றைப் பயனாளரிடம் கொண்டுசேர்த்த முறைகள் வெவ்வேறு கொள்கைகளை அடிப்படையாகக் கொண்டிருந்தன.

லினக்ஸ் கருநிரல் மட்டும் ஒரு முழுமையான முறைமையாகாது. அதனுடன் ஆயிரக்கணக்கான பிற மென்பொருள்களையும் சேர்த்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு சோதித்து வழங்குவோர் தேவைப்பட்டனர். இயன் மேர்டொக் 1993 ஆகஸ்டில் அறிவித்த டெபியன், அக்காலப்பகுதியிலேயே வளர்ச்சிபெற்ற ரெட் ஹற் ஆகியவை இத்தகைய வழங்கல்களாகும். வழங்கலின் அடிப்படைக் கோட்பாடு ஒருமைப்பாடு ஆகும். ஒரு நூலகத்தின் ஒரு பதிப்பே முறைமை முழுவதற்கும் பொதுவாக வைக்கப்படும். அதனைச் சார்ந்த எல்லா நிரல்களும் அப்பதிப்புடன் சோதிக்கப்படும். 1999 இல் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்புடன் சேர்ந்துவந்த ‘அப்ற்’ என்னும் கருவி, ஒரு பொதி வேண்டிநிற்கும் பிற பொதிகளையெல்லாம் தானே தேடிக் கொணரும் வசதியை அளித்தது. புதுமையிலும் பார்க்க உறுதிப்பாடே இம்மரபிற் பெரிதெனக் கொள்ளப்பட்டது.

மொழிச் சமூகங்களின் மரபு இதற்கு மாறானது. பேர்ள் மொழிக்காக 1995 இல் தொடங்கப்பட்ட களஞ்சியம் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. ஆக்கியோன் தனது ஆக்கத்தை நேரடியாகக் களஞ்சியத்தில் இடுவார். பயனாளர் எப் பணிசெயல் முறைமையைக் கையாள்பவராயினும் அதனை அங்கிருந்து பெற்றுக்கொள்வார். வழங்கலின் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விரைவும் பரவலும் இம்மரபின் சிறப்பியல்புகளாகும்.

இவ்விரு மரபுகளும் தத்தம் அளவில் நியாயமானவை. அவை ஒரே கோப்பகத்திற் சந்தித்தமையே சிக்கலுக்கு வித்திட்டது. மேலும், லினக்ஸ் வழங்கல்கள் பைதனைப் பயனாளருக்குரிய மொழியாக மட்டும் வைத்திருக்கவில்லை. தமது சொந்தப் பணிகளுக்கும் அதனைக் கையாண்டன. ரெட் ஹற்றின் நிறுவற் கருவியான அனக்கொண்டா, பொதிகளை மேலாண்மை செய்த ‘யம்’, ஜென்ரூ வழங்கலின் ‘போர்ட்டேஜ்’ ஆகியன பைதனில் எழுதப்பட்டவை. இதனாற் பைதனின் பதிப்பை மாற்றுவது வீட்டின் தூணை மாற்றுவதற்கு ஒப்பாயிற்று. பைதன் 2.6 ஐ நம்பியிருந்த சென்ற்ஓஎஸ் 6 இல், புதிய பைதனை வேண்டி முறைமையின் ‘பைதன்’ கட்டளையையே மாற்றியமைத்தோர், அடுத்த கணம் ‘யம்’ இயங்காமையைக் கண்டனர். பழுதைத் திருத்துவதற்குரிய கருவியே பழுதுற்றமை அத்தோல்வியின் கொடுமையாகும்.

கருவிகளின் படிமுறை வளர்ச்சி

பைதனுக்கெனப் பொதுவான நிறுவல் முறையொன்றை அமைக்கும் முயற்சி 1998 இன் இறுதியில் தொடங்கியது. கிறெக் வார்ட் முன்னின்று உருவாக்கிய ‘டிஸ்ற்யூட்டில்ஸ்’, 2000 ஆம் ஆண்டில் வெளியான பைதன் 1.6, 2.0 ஆகிய பதிப்புகளுடன் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு பொதியும் ஒரு நிறுவற் கோப்பைக் கொண்டிருக்கும். அக்கோப்பும் ஒரு பைதன் நிரலே. எளிமையான இம்முறையில் இரு குறைகள் உறைந்திருந்தன. ஒரு பொதிக்கு வேறெந்தப் பொதிகள் தேவையென்பதை அது தேடித் தரவில்லை. தேவைகளை அறிவதற்கே நிரலை இயக்கவேண்டியிருந்தமை மற்றைய குறையாகும்.

றிச்சர்ட் ஜோன்ஸ் முன்மொழிந்த பைதன் பொதிச் சுட்டி 2003 இல் இயங்கத் தொடங்கியது. பெயருக்கேற்ப அது தொடக்கத்திற் சுட்டி மட்டுமே. பொதிகள் ஆக்கியோரின் சொந்தத் தளங்களிலேயே இருந்தன. கோப்புகளைச் சுட்டியிலேயே ஏற்றும் வசதி 2005 இல் வந்த பின்னரும், நிறுவற் கருவிகள் நெடுங்காலம் வெளித் தளங்களைத் தேடிச் சென்றன. எங்கோ ஒருவரின் சேவையகம் அணைந்திருந்தால், அதனை அறியாத மற்றொருவரின் நிறுவல் தோல்வியுற்றது.

பிலிப் ஈபி 2004 இல் உருவாக்கிய ‘செற்றப்ரூல்ஸ்’, சார்புப் பொதிகளைத் தானே கொணரும் ‘ஈசி இன்ஸ்ரோல்’ என்னும் கட்டளையை அளித்தது. ஆயின், நிறுவியதை அகற்றுவதற்கு அதில் வழியில்லை. இக்குறையை நீக்கும் முகமாக இயன் பிக்கிங் 2008 இல் ‘பிப்’ என்னும் கருவியை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் அவரே உருவாக்கிய ‘வேர்ச்சுவலென்வ்’, ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியான பைதன் சூழலை அமைக்கும் வழியைக் காட்டியிருந்தது. எல்லைப் பூசலுக்கான தீர்வின் வித்து இதிலேயே இருந்தது. எனினும், அது விரும்பினோர் மட்டும் கைக்கொள்ளும் பழக்கமாகவே நெடுங்காலம் நிலவியது. முறைமை முகாமையாளரின் அதிகாரத்துடன் பிப்பை இயக்கும் வழக்கமே பயிற்சி நூல்களிலும் குறிப்புகளிலும் பரவியது. அதன் அபாயத்தை அவற்றுட் பல கூறவில்லை.

தொகுப்பானும் தலைப்புக் கோப்பும்

நிறுவல் தோல்விகளுட் பெருந்தொகையானவை பைதன் மொழிக்கு வெளியே பிறந்தவை. விரைவு வேண்டப்படும் இடங்களிலும், ஏலவேயுள்ள நூலகங்களைப் பயன்படுத்தும் இடங்களிலும், பைதன் பொதிகள் சி மொழியில் எழுதப்பட்ட பகுதிகளைக் கொண்டுள்ளன. அறிவியற் கணிப்புக்குரிய ‘சைபை’க்குப் போட்ரான் தொகுப்பானும் தேவைப்பட்டது. போஸ்ற்கிறஸ் தரவுத்தளத்துடன் தொடர்புகொள்ளும் பொதிக்கு அத்தரவுத்தளத்தின் நூலகம் வேண்டியிருந்தது. இப்பொதிகள் மூலநிரலாக வந்திறங்கும்போது பயனாளரின் கணினியிலேயே தொகுக்கப்படல் வேண்டும்.

இவ்விடத்தில் வழங்கல்களின் ஒரு வழக்கத்தை அறிதல் அவசியமாகின்றது. ஒரு நூலகத்தை இயக்குவதற்குத் தேவையான கோப்புகளை ஒரு பொதியாகவும், அதனைக் கொண்டு வேறு நிரல்களைத் தொகுப்பதற்குத் தேவையான தலைப்புக் கோப்புகளை வேறொரு பொதியாகவும் அவை பிரித்து வைக்கின்றன. டெபியன் மரபில் இரண்டாவதன் பெயர் ‘டெவ்’ என்றும், ரெட் ஹற் மரபில் ‘டெவெல்’ என்றும் முடியும். வட்டின் இடத்தைச் சிக்கனப்படுத்த எழுந்த இப்பிரிவு, பைதன் பயனாளரைப் பெரிதும் குழப்பியது. கணினியிற் பைதன் இருக்கின்றது. அவர் அதனை நாள்தோறும் இயக்குகின்றார். ஆயினும், ‘பைதன்.எச்’ என்னும் கோப்பு இல்லையெனத் தொகுப்பான் கூறுகின்றது. இரண்டும் உண்மையே.

இதனுடன் பிழைச்செய்தியின் அமைப்பும் சேர்ந்து இடர் விளைவித்தது. தொகுப்பான் 1 என்னும் நிலைக் குறியுடன் முடிவுற்றது என்பதே இறுதி வரி கூறும் செய்தி. உண்மைக் காரணம் அதற்குப் பல வரிகள் மேலே புதைந்து கிடக்கும். இறுதி வரியை மட்டும் படிப்பவர், நோயை விடுத்து மரணச் சான்றிதழைப் படிப்பவரை ஒத்தவராவார்.

இவ்விடரை நீக்குவதற்கான பெரும் முயற்சி, முன்னரே தொகுக்கப்பட்ட ‘வீல்’ என்னும் பொதி வடிவமாகும். டானியல் ஹோல்த் எழுதிய 427 ஆம் இலக்க முன்மொழிவு 2013 இல் ஏற்கப்பட்டது. வின்டோஸ், மக் ஆகியவற்றுக்கு இது விரைவிற் பயன் தந்தது. லினக்சிலோ வழங்கல்கள் பலவாதலின், எதன் மீது தொகுப்பது என்னும் வினா எழுந்தது. 2016 இல் வெளிவந்த 513 ஆம் இலக்க முன்மொழிவு இதற்கு எளியதொரு விடையைக் கண்டது. பழைய சி நூலகத்துடன் தொகுக்கப்பட்ட நிரல் புதிய நூலகத்திலும் இயங்கும். புதியதுடன் தொகுக்கப்பட்டது பழையதில் இயங்காது. ஆதலின், பழமையான சென்ற்ஓஎஸ் 5 இன் மீது, குளிப்சி 2.5 ஐ அளவுகோலாகக் கொண்டு தொகுத்தால், பெரும்பாலான வழங்கல்களில் அப்பொதி இயங்கும். ‘மெனிலினக்ஸ்’ எனப்பட்ட இந்நியமம் எண்ணற்றோரைத் தொகுப்பானின் தொல்லையினின்றும் விடுவித்தது. ஆயின், குளிப்சிக்குப் பதிலாக ‘மசல்’ என்னும் சி நூலகத்தைக் கொண்ட அல்பைன் வழங்கல் இவ்வரம்புக்கு வெளியே நின்றது.

இரு நிகழ்ச்சிகள்

எல்லை வரையறுக்கப்படாமையின் விளைவை 2018 ஏப்பிரலில் நிகழ்ந்த ஒரு சம்பவம் தெளிவாகக் காட்டிற்று. அம்மாதம் பிப்பின் 10 ஆம் பதிப்பு வெளிவந்தது. அதனை ஆக்கியோர் தமது உள்ளமைப்பைப் புதிய இடத்திற்கு மாற்றியிருந்தனர். டெபியனிலும் உபுண்டுவிலும் பயனாளர் பலர், பிப்பே அறிவுறுத்தியவாறு, பிப்பைக் கொண்டே பிப்பைப் புதுப்பித்தனர். புதிய பிப் அவர்களது வீட்டுக் கோப்பகத்தில் இறங்கியது. கட்டளைக் கோப்போ வழங்கலுக்குரிய பழைய கோப்பாகவே இருந்தது. அது பழைய உள்ளமைப்பை எதிர்பார்த்துப் புதிய பிப்பை அழைத்தது. ‘மெயின்’ என்னும் பெயரைப் பெறமுடியவில்லை என்ற செய்தியுடன் நின்றுபோயிற்று. வழங்கல் தன் கோப்பைச் சரியாகவே வைத்திருந்தது. உள்ளமைப்பைப் பிறர் நம்பியிருத்தல் ஆகாதென்று பிப் ஆக்கியோர் கருதியதும் தவறன்று. பயனாளரும் சொன்னதையே செய்தார். மூவரும் தத்தம் விதிப்படி நடந்தும் தோல்வி நேர்ந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 2021 பெப்ரவரிக்குரியது. மறைகுறியீட்டுக்கான ‘கிறிப்ரோகிறபி’ என்னும் பொதியின் 3.4 ஆம் பதிப்பு அம்மாதம் வெளியாயிற்று. அதனை மூலநிரலிலிருந்து தொகுப்பதற்கு முதன்முறையாக றஸ்ற் மொழியின் தொகுப்பான் தேவைப்பட்டது. நினைவகப் பிழைகள் பாதுகாப்புக் குறைபாடுகளாக மாறுவதைத் தடுப்பதே ஆக்கியோரின் நோக்கம். வீல் வடிவத்தைப் பெறக்கூடியோருக்கு இம்மாற்றம் தெரியவேயில்லை. அல்பைன் பயனாளரோ மூலநிரலைத் தொகுக்கவேண்டியவராயினர். பழைய பிப்பைக் கொண்டிருந்தோரும் அவ்வாறே இடருற்றனர். புதிய மெனிலினக்ஸ் நியமங்களின் பெயரை அப்பழைய கருவி அறியாதாகையால், கிடைத்த வீலைப் பொருந்தாதெனத் தள்ளி மூலநிரலை எடுத்துவந்தது. அவர்களுட் பலருக்கு றஸ்ற்றை நிறுவவேண்டிய தேவையே இருக்கவில்லை. பிப்பைப் புதுப்பித்திருந்தாற் போதியதாக இருந்திருக்கும். மசல் நூலகத்துக்குரிய வீல் நியமம் அதே ஆண்டில் 656 ஆம் இலக்க முன்மொழிவாக எழுதப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

எல்லை வரையப்படுதல்

இத்தகைய அனுபவங்களின் பின்னரே, நுண்ணிய கருவியொன்றால் மட்டும் பூசல் தீராது என்னும் உணர்வு இரு தரப்பிலும் வலுப்பெற்றது. தனிச் சூழல் அமைக்கும் வசதி 2012 இல் வெளியான பைதன் 3.3 இல் மொழியின் பகுதியாகவே ஆக்கப்பட்டிருந்தது. 2019 இல் வெளியான ரெட் ஹற் நிறுவன வழங்கல் 8, முறைமையின் கருவிகளுக்கெனத் தனியானதொரு பைதனை ஒதுக்கி, அதனைப் பயனாளரின் கண்ணிற் படாத இடத்தில் வைத்தது.

இறுதியாக 2021 இல் எழுதப்பட்டு 2022 இல் ஏற்கப்பட்ட 668 ஆம் இலக்க முன்மொழிவு எல்லையை எழுத்தில் வரைந்தது. இதனை எழுதியோருள் டெபியனின் பைதன் பராமரிப்பாளரும் பிப்பின் பராமரிப்பாளரும் ஒருங்கே இடம்பெற்றமை வரலாற்று முக்கியத்துவம் உடையது. அதன்படி, ஒரு வழங்கல் தனது பைதன் கோப்பகத்தில் ஒரு சிறு அடையாளக் கோப்பை வைக்கும். அதனைக் காணும் பிப், அச்சூழல் வெளியாரால் மேலாண்மை செய்யப்படுகின்றது எனக் கூறி நிறுவ மறுக்கும். தனிச் சூழலை அமைக்குமாறு வழிகாட்டும். 2023 யூனில் வெளியான டெபியன் 12 இம்முறையைக் கைக்கொண்டது. மறுப்பை மீறுவதற்கும் ஒரு தெரிவு உண்டு. ஆயின், முறைமையின் பொதிகளை உடைத்தல் என்றே அதற்குப் பெயரிடப்பட்டுள்ளது. செய்பவர் தாம் செய்வதை அறிந்தே செய்யட்டும் என்பது அதன் கருத்து.

இம்மறுப்பைப் பலர் புதியதொரு தோல்வியாகவே கண்டனர். நேற்றுவரை இயங்கிய கட்டளை இன்று இயங்கவில்லை என்னும் முறைப்பாடு நியாயமானதே. எனினும், முன்னைய தோல்விகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னையவை கேடு நிகழ்ந்த பின்னர் வேறோரிடத்தில் வெளிப்பட்டன. இதுவோ கேடு நிகழுமுன் காரணத்தையும் மாற்று வழியையும் கூறி நிற்கின்றது. பயனாளரின் அறியாமை மீது சுமத்தப்பட்டுவந்த பொறுப்பை முறைமை தானே ஏற்றுக்கொண்டமையே இம்மாற்றத்தின் உட்பொருளாகும்.

வரலாறு தரும் ஆய்வுமுறை

மேற்கூறிய வரலாற்றை அறிந்தவர் ஒரு தோல்வியை எதிர்கொள்ளும்போது, அதன் அடுக்குகளை ஒழுங்குமுறையாக வினவலாம். முதலில், எந்தப் பைதன் பேசுகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஒரே கணினியிற் பல பைதன்கள் இருத்தல் இயல்பு. ஆதலின், பிப்பைத் தனிக் கட்டளையாக அழையாது, வேண்டிய பைதனின் கூறாக அழைத்தல் நலம். 2018 இல் இடருற்றோருக்கும் இதுவே வழியாயிற்று. அடுத்து, நிறுவப்படும் இடம் யாருடையது என்பதை நோக்கவேண்டும். அது வழங்கலுடையதாயின், வழங்கலின் பொதியைக் கொள்ளவோ தனிச் சூழலை அமைக்கவோ வேண்டும். டெபியனில் அச்சூழலை அமைக்கும் கூறும் தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டிருத்தலின், அதனை முதலில் நிறுவவேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, வந்திறங்குவது வீலா மூலநிரலா என்பதைக் கோப்பின் பெயரிற் காணலாம். எதிர்பாராது மூலநிரல் வருமாயின், பிப் பழையதாகவோ, பைதனின் பதிப்பு வீல் இதுவரை ஆக்கப்படாத புதியதாகவோ, சி நூலகம் வேறானதாகவோ இருத்தல் கூடும். தொகுத்தே ஆகவேண்டுமெனின், இறுதி வரியை விடுத்து, மேலேறிச் சென்று தொகுப்பான் கூறிய முதற் பிழையைக் காணவேண்டும். அதிற் குறிக்கப்படும் தலைப்புக் கோப்பு வழங்கலின் எப்பொதிக்குரியது என்று தேடினால் விடை கிடைக்கும். பொருத்தமான வெளியீடே இல்லையெனச் சொல்லப்படின், அப்பொதி இப்பைதனுக்கு ஆக்கப்பட்டதா என்பதைப் பார்க்கவேண்டும்.

இவ்வரலாறு நிறைவுற்றதெனக் கூறமுடியாது. 2000 இல் சேர்க்கப்பட்ட டிஸ்ற்யூட்டில்ஸ், 2023 ஒக்டோபரில் வெளியான பைதன் 3.12 இலிருந்து நீக்கப்பட்டது. அதனை நேரடியாக அழைக்கும் பழைய பொதிகள் பல புதிய பைதனில் நிறுவப்படாது நிற்கின்றன. பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை இது சிறிய செய்தியன்று. ஓர் ஆய்வேட்டின் முடிவுகளைத் தந்த நிரலை மீண்டும் நிறுவ முடியாவிடின், அம்முடிவுகளைச் சரிபார்க்கும் வழியும் அடைபடுகின்றது. எப்பைதன், எப்பொதியின் எப்பதிப்பு, எவ்வழங்கல் என்பவற்றை ஆய்வாளர் தமது தரவுகளோடு சேர்த்துப் பதிந்துவைத்தல், மேற்கோள் காட்டுதலைப் போன்றே புலமை ஒழுக்கத்தின் பகுதியாகக் கொள்ளப்படல் வேண்டும். அப்பதிவை ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கச் சில நிமிடங்களே செல்லும். அது இல்லாதவிடத்துப் பின்வருவோர் அதனை ஊகித்தறிய நாட்கணக்காகப் பாடுபடவேண்டியிருக்கும்.